வெருளி சொன்ன பொய்

விஜிதரனுக்காகப் பரிந்து எழுதிய வாசகிகள் இந்த வாரம் மனதைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொண்டு வாசியுங்கள். "பாவம் அந்தப் பிள்ளை, எந்த நேரமும் மச்சான் சதீசனின் நிழலிலேயே நிற்கிறான், அவனுக்கும் ஒரு நல்ல காலம் வரட்டும்" என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கதை எழுதுகிற என்னையே ஏமாற்றிவிட்டான். கட்டிய மனைவியை ஏமாற்றுவது அவனுக்குப் பெரிய வேலையா?

போன வாரம் கதை நின்ற இடத்தில், சதீசன் விடியும்போது குளக்கட்டில் நின்று போட்ட சத்தம் குருக்கள்மடத்தில் பாதி ஊருக்குக் கேட்டிருக்கும். அவன் தங்கை சர்மிலா தலையைக்கூட வாரிக் கட்டாமல் தென்னந்தோட்டத்துக்குள்ளால் ஓடி வந்தாள்.

வாவிக்கரையை ஒட்டிய அந்த இரண்டு இறால் குளங்களும் சதீசனுடையவை. ஓரமெல்லாம் செத்த இறால் ஒதுங்கிக் கிடந்தது. அடுத்த கிழமை பிடிக்க இருந்த இறால். காகங்கள் அதற்குள் வந்து இறங்கிவிட்டன.

"வீல் ஓடல்ல புள்ள," என்றான் சதீசன். "ராவெல்லாம் ஓடவே இல்ல."

வீல் என்பது தண்ணீரை அடித்துக் குளத்துக்குள் காற்றை ஏற்றும் சக்கரம். இறால் மூச்சு விடுவது அந்தக் காற்றில்தான். அதை ஓட்டுவது சர்மிலாவும் அவள் கணவன் விஜிதரனும் சேர்ந்து செய்த புரோகிராம். குளத்தில் இறக்கியிருக்கும் சென்சர் தண்ணீரில் காற்று எவ்வளவு என்று சொல்லும். குறைந்தால் புரோகிராம் தானாக வீலைப் போடும், சதீசனின் போனில் சிவப்பு எரியும். எல்லாம் சரியென்றால் பச்சை.

"இஞ்ச பார். ராவெல்லாம் பச்சை. இப்பவும் பச்சைதான்." சதீசன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "விடியச்சாமத்துல எழும்பி வந்து பார்க்கிற ஆள் நான். உங்கட பச்சைய நம்பித்தானே புள்ள இப்ப கொஞ்ச நாளாப் படுத்துக் கிடந்தன்."

சர்மிலா போனை வாங்கினாள். பச்சைக்குக் கீழே 6.14 என்று இருந்தது. விரலால் தள்ளிப் பின்னேரத்துக்குப் போனாள். 6.14. நடுச்சாமத்திலும் அதே 6.14. உயிருள்ள குளம் ஒருநாளும் அப்படி ஒரே இடத்தில் நிற்காது. வெயிலுக்கு ஏறும், இருட்டுக்கு இறங்கும். இங்கே இறால் எல்லாம் செத்து ஒதுங்கிய பிறகும் 6.14 என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த எண்ணை அவளுக்குத் தெரியும். அவள்தான் அதைப் பெற்றவள்.

"நான் பார்த்திற்று வந்து சொல்றன் அண்ணன்," என்றாள்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். புரோகிராமில் ஒரு வரி மாற்றினாலும் முழுவதையும் சோதித்துப் பார்த்த பிறகுதான் குளத்துக்கு விடுவார்கள். ஒவ்வொரு சோதனையும் குளத்தில் கிடக்கும் சென்சரிடம் போய்க் கேட்கும். அதுவோ பெரும் சோம்பேறி. கூப்பிட்டால் மெல்ல எழும்பி, மூக்கைத் துடைத்து, தண்ணீரை மோந்து பார்த்து, ஆறுதலாகத்தான் பதில் சொல்லும். காலையில் தொடங்கிய சோதனை முடிய மத்தியானச் சோறு ஆறிவிடும். "இதுக்குள்ள நான் ஒரு புள்ளையப் பெத்திருவன்" என்று சர்மிலா அலுத்துக்கொள்வாள்.

ஆகவே ஒரு போலிச் சென்சரை எழுதினாள். அதற்குக் குளமும் தேவையில்லை, தண்ணீரும் தேவையில்லை. கேட்ட மாத்திரத்தில், எழுதிக் கொடுத்த எண்ணைத் திருப்பிச் சொல்லும். சோதனைகள் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் முடிந்தன. அந்தத் தொழிலில் இது எல்லாரும் செய்கிற காரியம், ஒருவரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். வயலில் ஆள் மாதிரி நிற்கும் வைக்கோல் பொம்மையை நினைத்து அதற்கு வெருளி என்று பெயர் வைத்தாள். என்ன எண் கொடுப்பது என்று யோசித்து 6.14 என்று போட்டாள். ஜூன் பதினான்கு அவர்கள் கலியாண நாள். விஜிதரன் எட்டிப் பார்த்து, "அட, அதையா வெச்சிரிக்காய்?" என்று சிரித்து அவள் உச்சியில் ஒரு முத்தம் கொடுத்தான். நீங்களும் சந்தோசப்பட்டுக் கடிதம் போட்டீர்கள்.

வெருளிக்கு ஒரேயொரு கட்டுப்பாடு இருந்தது. சோதனையை விட்டு அது வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. உண்மையான குளத்தில் அதை நிறுத்தினால் காவல்காரனைக் கலைத்துவிட்டு வைக்கோல் மனுசனைக் காவலுக்கு வைத்த கதைதான். அதை அங்கே கொண்டுபோய் நிறுத்தக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சர்மிலா.

*

வீட்டின் முன்னறைதான் அவர்களுடைய ஒபிஸ். விஜிதரன் அயன் பண்ணிய நீலச் சட்டையோடு கண்ணாடிக்கு முன்னால் நின்றான். கொழும்பிலிருந்து ஒரு கொம்பனி வந்திருந்தது. அன்று மத்தியானம் மட்டக்களப்பு டவுனில் பேச்சு, மறுநாள் காலை ஒரு குளத்தை நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்து. நாடு முழுக்க உள்ள பண்ணைகளுக்கு இவர்களுடைய புரோகிராமை அந்தக் கொம்பனி வாங்கப் போகிறது.

"மச்சான், வெருளியக் கொண்டுபோய்க் குளத்துல விட்டீங்களா?" என்று கேட்டாள் சர்மிலா. மாமன் மகனைக் கட்டியவள், கலியாணத்துக்கு முன்னும் பின்னும் அவளுக்கு அவன் மச்சான்தான்.

தலை வாரிக்கொண்டிருந்த கை நின்றது. இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"ஒரு கிழமைக்குத்தான்," என்றான். "அவனுகள் கொழும்புல இருந்து திரையப் பார்த்துக்கொண்டே இரிக்கானுகள். சென்சர் பாசி பிடிச்சுக் கிடக்கு. கேட்டா, சுத்துது சுத்துது, பதில் வருதில்ல. வெறுந் திரையக் காட்டி என்னத்த விக்கிற? வெருளியப் போட்டன், டக்கெண்டு வந்திச்சு. அவனுகளுக்கு வாயெல்லாம் பல்லு."

"காட்டுற திரைக்கு மட்டும் போட்டிருக்கலாமே. வீல ஓட்டுறதுக்கும் என்னத்துக்குப் போட்டீங்க?"

"ரெண்டும் ஒரே இடத்துல இருந்துதானே எடுக்கு. பிரிக்க நேரமில்ல. மறுகா, அண்ணன் ராவுல வந்து பார்க்கிற ஆள்தானே எண்டு நினைச்சன்."

"அண்ணனுக்குச் சொன்னீங்களா?"

அவன் சீப்பை மேசையில் வைத்தான்.

"எனக்குச் சொன்னீங்களா?"

"உனக்குச் சொன்னா நீ விடமாட்டாய்."

தெரியாமல் செய்த பிழை என்றால் அழுது ஏசிவிட்டு மன்னித்திருப்பாள். இவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவள் என்ன சொல்வாள் என்பது வரைக்கும் தெரிந்திருக்கிறது.

"முகைதீன்பாவா காக்காட குளத்துக்கும் விட்டிரிக்கா?"

"அதுக்கும்தான்."

முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். முகைதீன்பாவா பாலமுனையில் இறால் வளர்க்கிறவர், இவர்கள் புரோகிராமை முதன்முதலாக நம்பி வாங்கிய வெளி மனுசன். இதை நம்பி இராக்காவலுக்கு இருந்த ஆட்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவருடைய இறால் இன்னும் சின்னன், அதனால் நேற்றைக்குத் தப்பியிருக்கலாம். இன்றைக்கு வானம் காலையிலேயே மப்பு. வெயில் இல்லாத நாளில் குளத்துக்குக் காற்றுச் சேராது, இருட்டினால் இருப்பதும் இறங்கும்.

சர்மிலா மடிக்கணினியை எடுக்கப் போனாள். விஜிதரன் அதன்மேல் கையை வைத்தான்.

"நாளைக்கு ஒரு நாள் பொறு சர்மிலா. கையெழுத்து முடியட்டும். என்னைய இந்த ஊரில என்னெண்டு சொல்றானுகள் எண்டு உனக்குத் தெரியுமா? 'சதீசன் கட்டின வீட்டுல படுத்தெழும்புறவன்.' என்ட கையால நானும் ஒண்டக் கட்டிக் காட்ட வேணாமா?"

"அண்ணன்ட செத்த இறாலுக்கு மேலயா கட்டப்போறீங்க?"

அவன் முகம் சுருங்கியது. மடிக்கணினியிலிருந்து கையை எடுத்தான். பிறகு குரல் இறங்கி வந்தது.

"சரி. பிழைதான். நீ முகத்தக் கழுவிற்று வா. நான் இப்பவே எல்லாத்தையும் கழட்டுறன். அண்ணனுக்கும் நானே சொல்றன்."

அவள் நம்பினாள். அவ்வளவு கோபத்திலும் நம்பினாள். இங்கிருந்து பார்க்கும்போது பைத்தியக்காரி என்று ஏசத் தோன்றும். கட்டியவன் தலையைக் குனிந்து பிழை என்று சொன்னால் நம்பாமல் வேறு என்ன செய்வது, சொல்லுங்கள்.

*

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது முன்னறையில் பேச்சுக் கேட்டது. சதீசன் சேற்றுக் காலோடு வாசற்படியில் நின்றான். அம்மா அன்னப்பூரணி கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேசிக்கொண்டிருந்தவன் விஜிதரன்.

"சோதனை கெதியா முடியட்டும் எண்டு அவ எழுதின போலிச் சென்சர் மச்சான். வேணாமெண்டு நான் சொன்னன். எப்படியோ அது குளத்துக்குப் பாஞ்சிற்று. அவள ஏசாதீங்க. அவளுக்கு மனசு சரியில்ல."

சர்மிலாவின் கையில் துவாய் அப்படியே நின்றது. சதீசன் அவளைப் பார்த்தான்.

"அத நீயா எழுதினாய்?"

"ஓம் அண்ணன், ஆனா..."

"அந்த நம்பர் நீ போட்டதா?"

"ஓம், நான்தான் போட்டன். ஆனா குளத்துல விட்டது..."

"ஓம் எண்டிற்றாய். மறுகா என்ன ஆனா?"

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைப்பார்கள். அப்பா இல்லாத வீட்டில் அந்தப் பாரம் அண்ணன் தலையில் விழும். சதீசன் கட்டார் நாட்டு வெயிலில் காய்ந்து இந்த வீட்டைக் கட்டி, தங்கை பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, களுவாஞ்சிக்குடியில் மனைவியின் வீட்டுக்குப் போனவன். தனக்கென்று அவன் வைத்துக்கொண்டது அந்த இரண்டு குளங்களைத்தான்.

"இந்த வீட்ட உனக்குத் தந்திற்று ஒரு நாளாவது நான் முகம் சுழிச்சிரிக்கனா?" என்றான். "எனக்கெண்டு கிடந்தது அது மட்டும்தான் புள்ள. அதையும் பச்சைப் பொய்யைக் காட்டி முடிச்சிற்றாய்."

"மச்சான், உள்ளதச் சொல்லுங்க," என்று சர்மிலா கணவனைப் பார்த்துக் கேட்டாள். "இப்ப எனக்குச் சொன்னத அண்ணனுக்குச் சொல்லுங்க."

விஜிதரன் குனிந்து சப்பாத்துக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

"விடு மகள்," என்றாள் அன்னப்பூரணி. "என்ட அண்ணன்ட புள்ள பொய் சொல்லமாட்டான். செய்ததச் செய்தன் எண்டு ஒத்துக்கொள்ளன். அண்ணன் மன்னிக்கமாட்டானா?"

பெற்ற மகள் வாயைத் திறக்க முதலே தாய் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சதீசன் திரும்பிக் குளத்துக்குப் போனான். விஜிதரன் மடிக்கணினியைப் பையில் போட்டுத் தோளில் மாட்டினான்.

"டவுனுக்குப் போயிற்று வாறன் மாமி," என்றான்.

மாமிக்குத்தான் சொன்னான். மனைவிக்குச் சொல்லவில்லை. மோட்டச்சைக்கிள் சத்தம் ஒழுங்கையால் போய் மறையும்வரை சர்மிலா அந்த இடத்திலேயே நின்றாள்.

அழுது முடிந்த பிறகுதான் அவளுக்குப் பாலமுனை ஞாபகம் வந்தது. கழட்டுகிறேன் என்று சொன்னானே, அதையாவது செய்திருப்பானா? போனில் முகைதீன்பாவாவின் குளத்தைத் திறந்தாள். 6.14.

பழைய கணினியைப் போட்டுத் தானே கழட்டப் பார்த்தாள். பாஸ்வேர்ட் பிழை என்றது. பதற்றத்தில் பிழையாக அடித்திருப்போம் என்று ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாகத் திரும்ப அடித்தாள். அதே பதில். அவள் எழுதிய புரோகிராம், அவளையே ஆரென்று கேட்டது. முகம் கழுவப் போன அந்தக் கொஞ்ச நேரத்தில் விஜிதரன் இந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறான்.

விஜிதரனுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி எடுத்தாள். வெட்டினான். பாலமுனைக்கும் எடுத்துப் பார்த்தாள். முகைதீன்பாவா பின்னேரம்வரை எடுக்கவில்லை, பிறகு போன் வேறு அழைப்பிலேயே இருந்தது.

*

குளக்கட்டில் சதீசன் கிடங்கு வெட்டிச் செத்த இறாலைக் கொட்டிச் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தான். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை மழை மப்பில் மங்கிக் கிடந்தது.

சர்மிலா எல்லாவற்றையும் சொன்னாள். சதீசன் மண்வெட்டியை நிறுத்தாமலே கேட்டான்.

"காலையில அவன் உன்னச் சொல்றான், பின்னேரம் நீ அவனச் சொல்றாய்," என்றான். "புருசன் பெண்சாதி ரெண்டு பேரும் சேர்ந்து என்னைய என்னெண்டு நினைச்சிரிக்கிங்க?"

"என்னைய நீ நம்ப வேணாம். பாலமுனைக் குளமாவது மிஞ்சட்டும். நான் கதைக்கிறத மட்டும் கேள்."

மறுபடி எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். இந்த முறை முகைதீன்பாவா எடுத்தார்.

"சொல்லுங்க தங்கச்சி."

"காக்கா, உங்கட போன்ல குளம் என்ன காட்டுது?"

"பச்சதான். நல்லா இரிக்கி."

"அது பொய் காக்கா. அது உங்கட தண்ணியில இருந்து வாறதில்ல. சோதிக்கிறதுக்கு நான் எழுதி வெச்ச நம்பர். அண்ணன்ட குளத்துலயும் இதத்தான் காட்டிச்சு. ரெண்டு குளமும் செத்திற்று. இப்பவே ஆள அனுப்பி வீலக் கையால போடுங்க. விடியும் மட்டும் நிப்பாட்டாதீங்க."

"ஓம் தங்கச்சி, ஓம்."

"போன நம்பாதீங்க காக்கா. பச்சை எரிஞ்சாலும் நம்பாதீங்க. ஆள் அங்கயே நிக்கட்டும்."

"ஓம் தங்கச்சி. ஓம், ஓம்."

குரல் மிகவும் பதமாக இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மருந்து பருக்குகிறவர்கள் பேசுவது போல இருந்தது. முகைதீன்பாவா அப்படிப் பேசுகிற மனுசன் இல்லை. ஒரு நாள் வீல் பிந்தி ஓடியதற்கு அரை மணித்தியாலம் நின்று ஏசியவர்.

"காக்கா," என்றாள் சர்மிலா மெதுவாக, "நான் சொல்றத நீங்க நம்புறீங்களா?"

அந்தப் பக்கம் தூரத்தில் பாங்கு கேட்டது.

"கோவிச்சிராதீங்க தங்கச்சி. உங்கட மாப்பிள்ள இவ்வளவு நேரமும் என்னோடதான் கதைச்சாரு. அண்ணன்ட இறால் செத்ததோட உங்களுக்கு மனசு இன்னும் சரியில்லாமப் போயிற்றாம். கொஞ்ச நாளாவே ஆஸ்பத்திரியில காட்டி மருந்து எடுக்கீங்களாம். நீங்க எடுத்து என்ன சொன்னாலும் ஓம் ஓமெண்டு சொல்லிற்று வெக்கட்டாம், எதிர்த்துக் கதைச்சா வருத்தம் கூடுமாம். நாளைக்கு வெள்ளண்ண அவரு கொழும்பு ஆக்களையும் கூட்டிக்கொண்டு நம்மட குளத்துக்குத்தான் வாறாரு. நீங்க ஒண்டுக்கும் யோசியாதீங்க. மருந்தக் குடிச்சிற்றுப் படுங்க. நான் மஃரிபுக்குப் போகணும்."

போன் வைக்கப்பட்டது.

சதீசன் மண்வெட்டியைக் கீழே போட்டான். சேற்றுக் கையாலேயே தங்கையின் போனைப் பிடுங்கி அந்த எண்ணை அழுத்தினான். தொடர்பு கிடைக்கவில்லை. தொழுகைக்குப் போகும்போது முகைதீன்பாவா போனை நிறுத்திவிடுவார்.

"நீ எப்ப புள்ள ஆஸ்பத்திரியில மருந்து எடுத்தாய்?"

"நான் எடுக்கல்ல அண்ணன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். காலையில் பார்த்த பார்வை இல்லை இது.

"நீதான் எழுதினாய், நீதான் நம்பர் போட்டாய். அதத்தான் நான் கேட்டன்," என்றான். "குளத்துல கொண்டுவந்து விட்டது ஆர்? உன்ட வாயால இன்னொருக்காச் சொல்லு. கேக்கிறன்."

விடிந்ததிலிருந்து சர்மிலா சொல்லியும் ஒருவரும் காதில் வாங்காத பெயர் அது. கேட்க ஒருவன் நின்றதும் அவளுக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு குளக்கட்டில் குந்தி, வாய்விட்டு அழுதாள்.

சதீசன் அதற்குமேல் கேட்கவில்லை. தன் மோட்டச்சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

"ஏறு, பாலமுனைக்கு," என்றான்.